முதுகு ஊசியும் முன் அனுமதியும்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து, முதுகுத்தண்டில் போடும் வலி ஊசிக்கு இன்சூரன்ஸ் அனுமதி தர மறுப்பது பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இங்கே சொல்வது எல்லாம் அமெரிக்க இன்சூரன்ஸ் நடைமுறை.

கேள்வி: எனக்கு 46 வயது, கம்பெனி இன்சூரன்ஸ். இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதியின் 4, 5-ஆம் முதுகெலும்புகளுக்கு இடையிலான மெத்தை) பிதுங்கியிருக்கிறது. டாக்டர் எபிடூரல் ஸ்டீராய்டு ஊசி எழுதினார். "மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று மறுத்துவிட்டார்கள். ஆறு வாரம் பிசியோதெரபிக்கும் போனேன். இன்னும் என்னதான் நிரூபிக்க வேண்டும்? (வாசகர், டாலஸ்)

உங்கள் கோப்பைப் பார்ப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை. டாக்டர் ஆபீஸ் அனுப்பிய சில பக்கங்கள்தான் அவர் முன்னால் இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் இந்த வேலையை இவிகோர், கேரலான் போன்ற பரிசீலனை நிறுவனங்களிடம் கொடுத்திருக்கின்றன. அங்கே முதலில் ஒரு நர்ஸ் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். பட்டியலில் ஒன்று விடுபட்டாலும் கோப்பு மருத்துவ அதிகாரியிடம் போகும். தாளில் இல்லாததை அவர் ஊகித்துக்கொள்ள மாட்டார். ஆகவே முதல் வேலை, பேஷண்ட் போர்ட்டலில் (டாக்டர் ஆபீஸ் நோயாளிகளுக்காக வைத்திருக்கும் இணையப் பக்கம்) உங்கள் கடைசி விசிட் குறிப்பை இறக்கி நீங்களே படிப்பது. கூடவே, இன்சூரன்ஸுக்கு எந்தெந்தப் பக்கங்கள் போயின என்று ஆபீஸில் கேளுங்கள். பிசியோதெரபி போனது உண்மையாக இருக்கும். அந்தத் தாள் போயிருக்காது. நாங்கள் அதிகம் பார்ப்பது இந்தக் குறையைத்தான்.

குறிப்பில் முதலில் தேட வேண்டியது, வலி எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பது. எபிடூரல் ஊசி நரம்பு வேர் அழுத்தத்துக்கான வைத்தியம். வெறும் இடுப்பு வலிக்கு அனுமதி கிடைக்காது. எல்5 நரம்பு என்றால் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக இறங்கி, பாதத்தின் மேல்பக்கம் வழியாகக் கட்டைவிரலுக்கு வரும். அதற்கு அடுத்த எஸ்1 நரம்பு என்றால் குதிகால், சுண்டுவிரல் பக்கம். உங்கள் அறிகுறி எல்5-உடன் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் குறிப்பில் "இடுப்பு வலி" என்று மட்டும் எழுதி எம்54.50 என்ற நோய்க் குறியீட்டைப் போட்டிருந்தால் மறுப்பு வருவது நிச்சயம். இடுப்புப் பகுதி நரம்பு வேர் வலிக்கு எம்54.16. இல்லாத நோயை எழுதச் சொல்லிக் கேட்கக் கூடாது. இருக்கும் கால் வலி விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்வது உங்கள் உரிமை. காலை நீட்டித் தூக்கிப் பார்த்த சோதனை, கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் ஐந்துக்கு எத்தனை, எங்கே மரத்திருக்கிறது என்ற பரிசோதனை வரிகளும் வேண்டும்.

அடுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பிதுக்கம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். குறிப்பில் இடது, அறிக்கையில் வலது, விண்ணப்பத்தில் இரண்டு பக்கமும் என்று இருந்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

பிறகு, ஊசிக்கு முன் செய்த வைத்தியம். "பிசியோதெரபி பலனளிக்கவில்லை" என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை முறை, எப்போது முடிந்தது, முடிவில் என்ன நிலை என்று தெரபிஸ்ட் எழுதிய முடிவுக் குறிப்பு வேண்டும். மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) கேட்பது நான்கு வாரம். தனியார் திட்டங்களில் ஆறு வாரம்தான் பரவலாக இருக்கிறது, அதுவும் அண்மை மாதங்களுக்குள். வீட்டுப் பயிற்சியும் சேரும், ஆனால் யார் சொல்லிக் கொடுத்தது, வாரம் எத்தனை நாள் செய்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். பயிற்சியால் வலி கூடிப் பாதியில் விட்டிருந்தால், அந்தக் காரணத்தைத் தெரபிஸ்டே எழுதட்டும். மாத்திரைக்கும் இதே கணக்கு: "நாப்ராக்சன் 500 மி.கி., தினம் இரு வேளை, மூன்று வாரம், வயிற்று எரிச்சலால் நிறுத்தம்" என்பது ஆதாரம், "மாத்திரை சாப்பிட்டார்" என்பது ஆதாரம் ஆகாது. ஊருக்குப் போனபோது சென்னையிலோ மதுரையிலோ பிசியோதெரபி செய்திருந்தால், தேதியோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிவந்து டாக்டரிடம் கொடுங்கள். அவர் தன் குறிப்பில் அதை எடுத்து எழுதினால்தான் கணக்கில் வரும். எண்ணெய் தேய்த்து நீவியதை மட்டும் வைத்து இந்த நிபந்தனையைத் தாண்ட முடியாது.

வலியின் எண்ணும் முக்கியம். நம்மில் பலர் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டவுடன் மரியாதைக்காக "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறோம். அது அப்படியே பதிவாகும். பரிசீலிப்பவர் "நோயாளி நலம்" என்று படிப்பார். பத்துக்கு ஏழு என்றால் ஏழு என்று சொல்லுங்கள். அதோடு, முடியாமல் போனதைச் சொல்லுங்கள்: பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, கார் ஓட்ட முடியவில்லை, இரவில் மூன்று முறை விழிப்பு வருகிறது.

கடைசியாக, கேட்ட ஊசி எது என்று பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சிகிச்சைக் குறியீடு உண்டு. நரம்பு வெளிவரும் துளை வழியாக ஒரு மட்டத்தில் (ஒரு முதுகெலும்பு இணைப்பில்) போடுவது 64483. அடுத்த மட்டம் சேர்ந்தால் 64484. நடுவில் எலும்பு இடைவெளி வழியாகப் போடுவது 62323. மெடிகேர் விதியில் துளை வழி ஊசி ஒரு பக்கம் என்றால் இரண்டு மட்டம், இரு பக்கமும் என்றால் ஒரு மட்டம். தனியார் திட்டங்களும் ஏறக்குறைய இப்படித்தான். எக்ஸ்ரே வழிகாட்டுதலோடு போடுவதாகவும் எழுதியிருக்க வேண்டும். "மூன்று ஊசி தொடர்" என்று மொத்தமாகக் கேட்டாலும் மறுப்புதான். ஒவ்வொரு ஊசிக்கும் முந்தையதன் பலனைக் காட்டித் தனியாகக் கேட்க வேண்டும்.

தாள் விடுபட்டதுதான் காரணம் என்றால் அப்பீலுக்கு ஓட வேண்டாம். டாக்டர் தன் குறிப்பில் தேதியிட்டுச் சேர்க்கை எழுதி, தெரபி தாள்களோடு மறுபரிசீலனை கேட்பதுதான் விரைவான வழி. ஒரு எச்சரிக்கை: சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது ஆகியவை வந்தால் எந்த அனுமதிக்கும் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். அவசர சிகிச்சைக்கு முன் அனுமதி தேவையில்லை.

கேள்வி: வயது 68, ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாகத் தருவது). கீழ் முதுகெலும்பின் சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்பில் சோதனை ஊசி போட்டார்கள். வலி 8-லிருந்து 2-க்கு வந்தது. நன்றாகத்தானே குறைந்திருக்கிறது? நரம்பைச் சுடும் சிகிச்சைக்குப் போக முடியாது என்கிறார்கள். (வாசகி, சான் ஹோசே)

8-லிருந்து 2 என்பது 75 சதவீதம். மெடிகேர் கேட்பது 80. அந்த ஐந்து சதவீதத்தில்தான் நின்றுவிட்டது.

கணக்கை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 10-ல் தொடங்கினால் 2 போதும். 9, 8, 7, 6 எதில் தொடங்கினாலும் முழு எண்ணில் 1-க்கு வர வேண்டும். 5 என்றாலும் 1. இப்படி இரண்டு முறை, குறைந்தது இரண்டு வார இடைவெளியில், இரண்டு முறையும் 80 சதவீதம் காட்ட வேண்டும். இதற்கும் முன்னால், வலி மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, பெரும்பாலும் முதுகிலேயே இருக்கிறது, சாதாரண வைத்தியத்தில் அடங்கவில்லை என்று பதிவாகியிருக்க வேண்டும். காலுக்கு ஓடும் நரம்பு வலி சிகிச்சை பெறாமல் கூடவே இருந்தால் அதுவே தடையாகும்.

எண் தவறாகப் பதிவாவது மிகச் சாதாரணம். மறுநாள் நர்ஸ் போனில் கேட்கிறார். நீங்கள் "கொஞ்சம் தேவலை" என்கிறீர்கள். அவர் ஒரு சதவீதத்தை ஊகித்து எழுதுகிறார். சோதனை ஊசியில் போவது மரப்பு மருந்து, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் இருக்கும் நிலைக்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை. ஆகவே ஊசிக்குப் போகும்போதே ஒரு தாள் எடுத்துப் போங்கள். ஊசிக்கு முன், எந்த அசைவில் அதிகம் வலிக்குமோ அதைச் செய்து எண்ணைக் குறியுங்கள்: பின்னால் வளைவது, நின்றபடி பாத்திரம் கழுவுவது, படுக்கையில் திரும்புவது. ஊசி முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. அதே அசைவுகளைச் செய்து, அரை மணிக்கு ஒரு முறை எண்ணை எழுதுங்கள். அன்று வழக்கமான வலி மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; அது உள்ளே இருந்தால் குறைந்தது ஊசியாலா மாத்திரையாலா என்று தெரியாது. மயக்க மருந்தும் இதே காரணத்தால் சோதனையைக் கெடுக்கும். மெடிகேர் அதை வழக்கமான தேவையாக ஏற்பதுமில்லை. தாளின் நகலைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நிஜமாகவே 2-தான் என்றால் அதை 1 என்று எழுதாதீர்கள். அந்த 80 சதவீதம் எந்த நரம்பைச் சுட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கான அளவு. பொய்யான எண்ணால் தவறான நரம்பு சுடப்படும், வலி அப்படியே இருக்கும். ஒரு முதுகுப் பகுதிக்கு 12 மாதத்தில் நான்கு சோதனை அமர்வு வரை மெடிகேர் அனுமதிக்கிறது. அடுத்த மட்டத்தைப் பார்க்கலாமா, வலி இடுப்புச் சந்து மூட்டிலிருந்து வருகிறதா என்று டாக்டர் யோசிக்க இடம் இருக்கிறது.

ஊசி எங்கே போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 2023 ஜூலை 1 முதல், ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி பிரிவில் இந்த மூட்டு ஊசிக்கும் நரம்பு சுடுவதற்கும் ஒரிஜினல் மெடிகேரிலேயே முன் அனுமதி வேண்டும். கிடைத்த அனுமதி 120 நாள் செல்லும். மறுத்தால் குறையைச் சரிசெய்து எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி அனுப்பலாம். சுட்டபின் ஆறு மாதமாவது 50 சதவீத நிவாரணம் இருந்தால்தான் அதே இடத்தில் மறுபடி சுட அனுமதி வரும். அதனால் சிகிச்சைக்குப் பிறகும் மாதம் ஒரு முறை எண்ணைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74. ஒரிஜினல் மெடிகேர். தண்டுவடக் குறுகலுக்கு இரண்டு வருடமாக எபிடூரல் ஊசி போட்டுவருகிறார், யாரும் அனுமதி கேட்டதில்லை. இப்போது மட்டும் ஏன்? (வாசகர், எடிசன்)

2026 ஜனவரியில் மெடிகேர் 'வைசர்' என்ற ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நியூ ஜெர்சி, டெக்சஸ், ஒஹையோ, ஓக்லஹோமா, அரிசோனா, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில் மட்டும், எபிடூரல் ஸ்டீராய்டு ஊசி உள்ளிட்ட சில சிகிச்சைகளுக்கு இது பொருந்தும். டாக்டர் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். கேட்காமல் போட்டால் பணம் தருவதற்கு முன் கோப்பு பரிசீலனைக்கு நிறுத்தப்படும். புதிதாக வந்தது பரிசீலனைதான். நிபந்தனைகள் 2021 முதல் மெடிகேர் விதியில் இருப்பவையே, அப்போது யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு முக்கியமானவை இரண்டு. தண்டுவடக் குறுகலுக்கு இரண்டு குறியீடு உண்டு. எம்48.061 என்றால் நடந்தால் கால் கனக்கும் தொல்லை இல்லாதது, எம்48.062 என்றால் அது இருப்பது. ஊசிக்குத் தகுதி தருவது அந்தத் தொல்லைதான். கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனத்து மரத்துப்போகிறது, உட்கார்ந்தாலோ கடையில் தள்ளுவண்டி மேல் குனிந்து சாய்ந்தாலோ தேவலையாகிறது என்றால், எத்தனை நிமிட நடையில் வருகிறது என்பதோடு சேர்த்து டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்பா சொல்லமாட்டார் என்றால் நீங்களே கூடப் போங்கள்.

இரண்டாவது, முந்தைய ஊசியின் பலன். குறைந்தது மூன்று மாதம், 50 சதவீத நிவாரணமோ, செயல்திறனில் அளந்து காட்டிய முன்னேற்றமோ இருந்திருக்க வேண்டும். முன்பும் பின்பும் ஒரே அளவுகோலில் அளக்க வேண்டும்: முதலில் பத்துக்கு எட்டு என்று எண்ணில், பிறகு "நன்றாக இருக்கிறது" என்று வார்த்தையில் எழுதினால் ஒப்பிட முடியாது. ஒரு பகுதிக்கு 12 மாதத்தில் நான்கு ஊசிக்கு மேல் கிடையாது. இந்த 12 மாதம் காலண்டர் வருடம் அல்ல, ஊசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஜனவரி பிறந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்காது.

சர்க்கரை இருந்தால், ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். சர்க்கரை டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். பழைய இடுப்பு வலி அதிகமாகிவிட்டது. விசிட்டர் இன்சூரன்ஸில் ஊசிக்கு அனுமதி வாங்க முடியுமா? (வாசகி, ஷார்லட்)

பெரும்பாலும் முடியாது. விசிட்டர் பாலிசிகள் ஏற்கெனவே இருக்கும் நோயை விலக்கி வைக்கின்றன. சிலவற்றில் "திடீர்த் தாக்குதல்" என்று ஒரு பிரிவு இருக்கும். அது எதிர்பாராமல் வந்து உடனடி சிகிச்சை கேட்கும் நிலைக்கானது, நாள்பட்ட வலி மெல்லக் கூடுவதற்கு அல்ல. போனில் ஒருவர் "கவர் ஆகும்" என்று சொன்னதை நம்பி ஊசி போட்டுவிட்டால், பிறகு கிளெயிம் வரும்போது பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். கைப்பணம் கொடுத்துப் போடுவதென்றால் எழுத்தில் செலவு மதிப்பீடு வாங்குங்கள். இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு அதைத் தருவது சட்டப்படி கட்டாயம். பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம். கால் பலவீனம் போன்ற ஆபத்து அறிகுறி இல்லை என்று இங்கே ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னால், ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்வதே எங்கள் யோசனை. அங்கே பாலிசி இருந்தால், இந்த ஊசி அதன் பகல்நேர சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 24 மணி நேரம் அட்மிட் ஆகாத காரணத்தால் மறுக்கலாம்.

கேள்வி: டாக்டர் இன்சூரன்ஸ் டாக்டரோடு போனில் பேசியும் மறுத்துவிட்டார்கள். அப்பீல் செய்வதில் பயன் உண்டா? (வாசகர், அட்லாண்டா)

உண்டு, செய்யுங்கள். ஆனால் "எனக்கு மிகவும் வலிக்கிறது" என்று கடிதம் எழுதிப் பயனில்லை. மறுப்புக் கடிதத்தில் எந்த விதியை வைத்து மறுத்தார்கள் என்று இருக்கும். கம்பெனி வழித் திட்டம் என்றால் அந்த விதியின் முழு வாசகத்தையும், உங்கள் கோப்பில் இருக்கும் எல்லாத் தாள்களையும் இலவசமாகக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். விதியை ஒவ்வொரு நிபந்தனையாக எடுத்து, "இதற்கு ஆதாரம் இந்தத் தேதிக் குறிப்பு, இந்தப் பக்கம்" என்று பதில் எழுதி, அந்தப் பக்கங்களை வரிசையாக இணையுங்கள். டாக்டரின் கடிதமும் இதே வரிசையில் இருந்தால் மிக நல்லது.

அப்பீலுக்குக் குறைந்தது 180 நாள் அவகாசம் தர வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய அப்பீலுக்கு 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திட்டத்தில் இரண்டு கட்ட அப்பீல் இருந்தால் கட்டத்துக்கு 15 நாள். தாமதித்தால் உடலுக்குக் கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் எழுதினால் 72 மணி நேரம். அதிலும் மறுத்தால், மருத்துவத் தேவை குறித்த தகராறு என்பதால் இன்சூரன்ஸைச் சாராத வெளியாள் பரிசீலனைக்கு நான்கு மாதத்துக்குள் போகலாம். அந்த முடிவு இன்சூரன்ஸைக் கட்டுப்படுத்தும். இந்தக் கட்டம் வரை போகிறவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமானது.

பெரிய கம்பெனிகளில் மருத்துவச் செலவை முதலாளியே தருவார், இன்சூரன்ஸ் கம்பெனி நிர்வாகம் மட்டும் பார்க்கும். உங்களுடையது அப்படியா என்று எச்.ஆர்.இடம் கேளுங்கள். ஆம் என்றால் மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் அனுப்புவதில் காலம்தான் வீணாகும். அப்படிப்பட்ட திட்டம் மத்தியத் தொழிலாளர் துறையின் கீழ் வருவது. மறுப்பைப் பற்றி, நிர்வாகம் பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதே எச்.ஆர். மூலம் கேட்கச் சொல்லவும் முடியும். மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனி வழியாகக் கிடைக்கும் மெடிகேர்) என்றால் கெடு வேறு: மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து 65 நாள். திட்டம் மறுபடி மறுத்தால் கோப்பு தானாகவே வெளிப் பரிசீலனைக்குப் போகும்.

கேள்வி: அனுமதி கிடைத்து ஊசியும் போட்டாயிற்று. பிறகு 2,000 டாலருக்கு மேல் பில் வந்திருக்கிறது. அனுமதிக்கு என்ன அர்த்தம்? (வாசகி, சியாட்டில்)

அனுமதி என்றால் மருத்துவத் தேவையை ஒப்புக்கொண்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். வருடா வருடம் நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகையான டிடக்டிபிள் தீரவில்லை என்றால் அதுவரை நீங்கள்தான் கட்ட வேண்டும், ஜனவரி, பிப்ரவரியில் ஊசி போடுபவர்களுக்கு இது அதிகம் நேரும். அதே ஊசி ஆஸ்பத்திரி வளாகத்தில் என்றால் தனியாக வளாகக் கட்டணம் வரும். டாக்டர் ஆபீஸிலோ தனி அறுவை மையத்திலோ செலவு பெரும்பாலும் குறைவு.

இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்கு விளக்கத் தாளில் காரணக் குறியைப் பாருங்கள். "அனுமதி இல்லை" என்று இருந்தால், அனுமதிக் கடிதத்தோடு நான்கை ஒப்பிடுங்கள்: குறியீடு, பக்கம், இடம், தேதி. 62323-க்கு அனுமதி வாங்கி அன்று 64483 போட்டிருப்பார்கள். அல்லது ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்ததால் தேதி தள்ளிப்போய், அனுமதிக் காலம் முடிந்திருக்கும். இவை டாக்டர் ஆபீஸ் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியவை. நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தத்தில்) இருக்கும் டாக்டர் அனுமதி வாங்கத் தவறினால், அந்தத் தொகையை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். பில்லைக் கட்டும் முன் இன்சூரன்ஸிடம் "இது நோயாளியின் பொறுப்பா, டாக்டரின் பொறுப்பா" என்று கேட்டு, பதிலோடு அழைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டரின் பில் தனியாக வந்து, அவர் நெட்வொர்க்கில் இல்லாதவர் என்றால், ஊசி போட்ட ஆஸ்பத்திரியோ அறுவை மையமோ நெட்வொர்க்கில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் 2022 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, நெட்வொர்க் பங்கைத் தவிர அவர் உங்களிடம் கூடுதலாகக் கேட்க முடியாது.